இரண்டாம் முறை கேட்பார்கள் என்று

பேசுவதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். இதை யாராவது சொன்னால் என் சம்சாரம் சிரிப்பாள். வீட்டில் நான் பேசுவது குறைவு. சோறு போடு, போதும், மாடு கட்டியாச்சா. அவ்வளவுதான். ஆனால் ஊரில் ஒரு கல்யாணம் பேசி முடிக்க வேண்டும், பங்காளிகளுக்குள் நிலம் பிரிக்க வேண்டும், துக்க வீட்டுக்கு ஊர் சார்பில் போக வேண்டும் என்றால் எங்கள் வாசலில் ஆள் வந்து நிற்கும்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். அதற்கு மேல் படிக்க வெளியூர் போக வேண்டும். போகவில்லை. ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருக்கிறது. மழை பெய்தால் வேர்க்கடலை. இரண்டு கறவை மாடு. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் ரோட்டை விட்டு உள்ளே வர வேண்டும் எங்கள் ஊருக்கு. நடந்தால் ஒரு மணி நேரம். பாதி வழி காடு.

நான் பேச ஆரம்பித்தது மலை பஸ்ஸால். எனக்குக் கல்யாணம் ஆன புதிது. எங்கள் சனத்தில் ஒரு குடும்பம் ஜமுனாமரத்தூரில் கடை வைத்திருந்தது. அந்த வீட்டில் பெண் கேட்கப் புறப்பட்டார்கள். ஒற்றைப்படையில் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆறு பேர் சேர்ந்திருந்தார்கள். கணக்கு சரியாக வருவதற்காக என்னை ஏற்றிக்கொண்டார்கள். பேச வேண்டியவர் என் பெரியப்பா. பஸ் வளைந்து வளைந்து ஏறியது. ஜன்னலுக்கு வெளியே தலையை விட்ட பெரியப்பா மேலே போய்ச் சேரும்வரை அதை உள்ளே எடுக்கவில்லை. இறங்கியதும் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"டேய், வாயத் தொறந்தா எனக்கு வேற எதுனா வரும் போல கீது. நீ பேசு."

"நான் இன்னா பேசறது பெரிப்பா?"

"நீதான் ஒண்ணியும் பேச மாட்டியே. அதான் நல்லது. எதாச்சும் கொறை கீதான்னு கேப்பாங்க. ஒரு கொறையும் இல்லன்னு சொல்லு. மறுபடியும் கேப்பாங்க. அப்ப சொல்லு."

அப்படியே செய்தேன். கேட்டார்கள். ஒரு குறையும் இல்லை என்றேன். அந்த வீட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "மனசுல வெச்சுக்கினு போவாதீங்க, சொல்லுங்க" என்றார். எங்கள் ஊர் கோயிலில்தான் கல்யாணம் வைக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்துக்கு ஆசை. அதைச் சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் பேசியது எல்லாம் சேர்த்து நாலு வாக்கியம் இருக்கும். திரும்பி வரும்போது பெரியப்பா பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லோரிடமும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். அதிலிருந்து நான்தான்.

எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு அப்படித்தான். முதல் முறை கேட்பது மரியாதைக்கு. முதல் முறையே பதில் சொன்னால் கையில் கண்டிஷனோடு வந்திருக்கிறான் என்று அர்த்தம். இரண்டாம் முறை கேட்கும்போது சொன்னால் அது கண்டிஷன் இல்லை, ஆசை. ஆசையை யாரும் தட்டுவதில்லை. அந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். பேசத் தெரிந்தவர்கள் அங்கேதான் கெடுப்பார்கள். எனக்குச் சும்மா இருப்பது சுலபமாக வந்தது.

பங்காளிப் பேச்சு வேறு. அங்கே பெரியவனிடம் முதலில் பேசக் கூடாது. சின்னவன் வாயால் ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்க வைத்துவிட்டுத்தான் பெரியவன் பக்கம் திரும்ப வேண்டும். துக்க வீட்டில் பேச்சே கிடையாது. எப்படி ஆச்சு என்று கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். எப்போது எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கலாம்.

எங்கள் ஊரில் கட்சியில் இருக்கும் ஒருவர், எனக்குப் பங்காளி முறை, மைக் கிடைத்தால் விட மாட்டார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சு. ஒரு வீட்டில் காரியத்தன்று படத்திறப்பு வைத்தார்கள். படத்தைத் திறந்துவிட்டு அவர் பேசினார். நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது பழக்க தோஷம். இறந்துபோனவர் படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, இன்னும் பல்லாண்டு நம்மோடு வாழ வாழ்த்தி அமர்கிறேன் என்று உட்கார்ந்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினவர்களில் நானும் ஒருவன். இறந்தவரின் சம்சாரமே தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். இல்லை.

வெகுநாள் அவரை வைத்துச் சிரித்தோம். எந்த இடத்தில் எதைப் பேசுவது என்று தெரியாத மனுஷன் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

என் தங்கச்சி வீடு அடுத்த தெரு. அவள் வீட்டுக்காரர் பெங்களூரில் ஓட்டல் வேலை. பொங்கலுக்கு வருவார், திருவிழாவுக்கு வருவார். அதனால் அந்த வீட்டின் நல்லது கெட்டது எல்லாம் நான்தான் பார்ப்பேன். ஒரே பெண். கணக்கு நன்றாக வரும். பள்ளிக்கூடம் முடித்ததும் காலேஜில் கணக்கு எடுத்தாள். எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் பெண் அவள்தான். காலை ஏழு மணிக்கு ஊருக்குள் வரும் டவுன் பஸ்ஸில் ஏறிப் போளூர் போய், அங்கே வேறு பஸ் மாறுவாள். பெண்களுக்கு அதில் டிக்கெட் கிடையாது. முதல் வருஷம் அப்படிப் போனாள்.

இரண்டாம் வருஷம் தொடங்கும்போது ஏழு மணி பஸ் நின்றது. ஆள் ஏறுவதில்லை என்றார்கள். பத்தரை மணி பஸ் மட்டும் வந்தது. அதில் போனால் காலேஜில் பாதி நாள் முடிந்திருக்கும். ரோடு வரை நடந்து போகலாம் என்றால் காடு. ரோட்டு முனையில் சாராயக் கடை. தங்கச்சி விடவில்லை. கொஞ்ச நாள் பால் கேன் ஏற்றும் வண்டியில் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து ரோடு வரை போனாள். வண்டிக்காரர் பெரியவர், நல்லவர். ஆனால் டீக்கடையில் யாரோ எதையோ சொன்னார்கள். தங்கச்சி அதையும் நிறுத்தினாள். பிறகு என்னால் முடிந்த நாளில் நான் சைக்கிளில் கொண்டுபோய் விடுவேன். முடியாத நாளில் அவள் வீட்டில் இருப்பாள்.

அந்த நேரத்தில்தான் முகாம் வந்தது. பக்கத்து ஊர் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, பெரிய அதிகாரி வந்து உட்கார்ந்து மக்கள் குறை கேட்பார். ஊருக்கு ஒருவர் பேசலாம். கையோடு உத்தரவு போடுகிறார் என்று பேச்சு. ஊர் கூடி என்னைச் சொன்னார்கள். கட்சிக்காரப் பங்காளிக்கு வருத்தம்.

"நீ பேசுனா மலை கூட பொண்ணு குடுத்துடும். பஸ்ஸு இன்னா பஸ்ஸு" என்றார் என்னிடம். பாராட்டா கிண்டலா தெரியவில்லை.

முந்தின நாள் சாயந்திரம் என் தங்கச்சி பெண் வந்தாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, நாளைக்கு இன்னா பேசப் போறீங்க?"

"பஸ்ஸப் பத்திதான்."

"எங்கிட்ட சொல்லிக் காட்டுங்க."

"போம்மா. நான் பாக்காத சபையா."

"அது கல்யாண வூடு மாமா. இங்க ரெண்டு நிமிஷம்தான் குடுப்பாங்க. காலேஜ்ல பேச்சுப் போட்டி வெச்சாங்க, ரெண்டு நிமிஷம் ஆனதும் மணி அடிச்சுட்டாங்க. நான் வணக்கமே இன்னும் முடிக்கல. மொத வார்த்தையே ஏழு மணி பஸ் வோணும்னு சொல்லிடுங்க. வணக்கம் அப்பால."

"எடுத்த உடனே வோணும்னு கேக்கறதா? பிச்சைக்காரன்கூட மொதல்ல அம்மா தாயேன்னு சொல்றான்."

அவள் சிரித்தாள். ஆனால் போகும்போது திரும்பிப் பார்த்து, "மொத வார்த்தை மாமா" என்றாள்.

முகாமில் எங்களுக்கு முன்னால் மலை மேல் ஊரிலிருந்து வந்த ஒரு பெண் பேசினாள். ரேஷன் கடை ஒழுகுகிறது, அரிசி நனைகிறது, நாத்தம் அடிக்கிற அரிசியைத்தான் பிள்ளைகள் தின்கிறார்கள், எப்போது சரி செய்வீர்கள், தேதி சொல்லுங்கள் என்று கேட்டாள். வணக்கம் கிடையாது. முகத்தில் சிரிப்பு கிடையாது. எனக்குக் கூசியது. பெரிய இடத்தில் இப்படியா பேசுவது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அதிகாரி பின்னால் திரும்பி ஒருவரைக் கூப்பிட்டு, இந்த மாசத்துக்குள் என்று சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். அந்தப் பெண் அப்போதும் சிரிக்காமல் போய் உட்கார்ந்தாள்.

என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அதிகாரி வயதில் சின்னவர், பெண். களைத்திருந்தார். ஆனால் முகம் நல்ல முகம். என்னைப் பார்த்து, "சொல்லுங்க ஐயா, உங்க ஊருக்கு என்ன குறை?" என்றார்.

அந்தக் கேள்விதான். நான் எத்தனையோ வீட்டில் கேட்ட கேள்வி. அது காதில் விழுந்ததும் வாய் தானாகப் பதில் சொன்னது.

"இந்த வெயில்ல எங்க ஊர் தேடி வந்துக்கிறீங்க. தண்ணி டேங்க் கட்டிக் குடுத்தீங்க. தெருவுக்கு லைட்டு போட்டுக் குடுத்தீங்க. எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க."

சொல்லிவிட்டு நிறுத்தினேன். நிறுத்த வேண்டும். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, இருந்தாலும் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். அதற்காக மைக்கை மார்போடு வைத்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம் ஐயா. காலையிலேர்ந்து இப்படி ஒருத்தர் சொல்லிக் கேக்கல" என்று கை தட்டினார். மேடையில் இருந்தவர்கள் தட்டினார்கள். பந்தல் முழுக்கத் தட்டியது. எங்கள் ஊர்க்காரர்களும் தட்டினார்கள். என்ன நடந்தது என்று எனக்குத் தெரிவதற்குள் ஒரு ஆள் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு கீதுங்க" என்றேன்.

"அடுத்த ஊரு நிக்கறாங்க பெரியவரே. மனு இருந்தா அந்த டேபிள்ள குடுத்துட்டுப் போங்க."

என்னிடம் மைக் இல்லை. என் குரல் முன் வரிசை வரைக்கும் கூடப் போயிருக்காது. அடுத்த ஊர்க்காரர் பாலம் என்று ஆரம்பித்துவிட்டார். பெண்கள் பக்கம் பார்த்தேன். தங்கச்சி பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கை மடியில் இருந்தது.

டிராக்டரில் திரும்பினோம். பாதி வழியில் கட்சிக்காரப் பங்காளிதான் வாயைத் திறந்தார்.

"நல்லாத்தான் பேசுன. பஸ்ஸ மட்டும் வுட்டுட்ட."

ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் அவனை அதட்டினார்கள். படத்திறப்பில் துண்டைக் கடித்துக்கொண்டு ஓடியது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். அதைச் சொல்லாமல் விட்டார். அது அவர் பெருந்தன்மை.

மனு கொடுத்திருந்தோம். கொஞ்ச நாள் கழித்துப் பதில் வந்தது. அந்தத் தடத்தில் காலையில் ஆள் குறைவு, தேவை ஏற்பட்டால் பரிசீலிக்கப்படும். மேடையிலேயே குறை இல்லை என்று சொன்ன ஊருக்கு வேறு என்ன பதில் வரும்.

தங்கச்சி பெண் கோபப்படவில்லை. "பரவால்ல மாமா" என்றாள். மழை மாசத்தில் சைக்கிளும் நின்றது. வருகை குறைவு என்று பரீட்சை எழுத விடவில்லை. அவள் வீட்டோடு இருந்தாள். தபாலில் படிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அவள் தலையாட்டினாள். புத்தகத்தைப் பார்த்துத் தானாக வரும் பாடம் இல்லை அது, சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று என் சம்சாரத்திடம் சொன்னாளாம். கடலை உரிக்கும் நேரத்தில் என் எதிரில் உட்கார்ந்து உரிப்பாள். சிரித்துப் பேசுவாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வருஷம் அமிர்தி பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். குடும்பம் நல்ல குடும்பம். தங்கச்சிக்குப் பிடித்திருந்தது. மச்சான் பெங்களூரிலிருந்து போன் செய்து, நீ பேசி முடி, நான் பாக்கு வெத்தலைக்கு வந்துடறேன் என்றார்.

பெண் பார்க்க அவர்கள் வரும் அன்று காலையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலையில் எண்ணெய் வைத்து முடியைப் பிரித்துப் போட்டிருந்தாள்.

"மாமா, அந்த வூட்டு வாசல்லயே பஸ்ஸு நிக்குமாமே. வேலூர் பஸ்ஸு."

"ஆமா. சும்மா சும்மா வரும்."

"வேலூர்ல காலேஜ் கீது. மறுபடியும் சேந்துக்கலாம்னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவங்க படிக்க வுடறேன்னு சொன்னா எனக்கு வேற ஒண்ணியும் வாணாம். மாப்பிள்ளைய நான் பாக்கக்கூட தேவையில்ல."

"பாக்காம எப்டி. மாறுகண்ணா இருந்தா?"

"இருக்கட்டும். பஸ்ஸு நேரா வருது இல்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். இது என் இடம், இங்கே எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவளிடமும் சொன்னேன். "கவலப்படாத. இது நான் பேசற பேச்சு."

ஏழு பேர் வேனில் வந்தார்கள். பேச வந்தவர் பையனின் பெரியப்பா. வெள்ளை வேட்டி, கையில் குடை. பார்த்ததும் தெரிந்தது, அவரும் என் ஜாதி ஆள், அதாவது பேச்சில். குறைவாகப் பேசுகிறவர். மழை பற்றிக் கேட்டார். கடலை எப்படி என்று கேட்டார். நான் அவர்கள் பக்கத்துக் கொள்ளு பற்றிக் கேட்டேன். பெண் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தட்டில் பழமும் வெற்றிலையும் நடுவில் இருந்தது. பேசி முடிவாகும்வரை அதை யாரும் தூக்கக் கூடாது. எல்லாம் வழக்கப்படி போனது.

பெரியப்பா குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"தாய்மாமன் இன்னா சொல்றாரு? உங்களுக்கு எதாச்சும் கொறை கீதா?"

ஒரு குறையும் இல்லை என்று நான் சொல்ல வேண்டும். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. அங்கேயே நின்றது. பந்தல் ஞாபகம் வந்தது. கை தட்டின சத்தம். மைக்கை வாங்கிக்கொண்டு போன கை. சொல்லிவிட்டு நான் காத்திருந்து, இவரும் சந்தோஷம் என்று சொல்லித் தட்டைத் தூக்கிவிட்டால்? சமையல் அறையில் வளையல் சத்தம்கூட இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது.

"கீதுங்க" என்றேன். "பொண்ணு காலேஜ் முடிக்கணும். கல்யாணத்துக்கு அப்பால அவள வேலூருக்கு அனுப்பிப் படிக்க வெக்கணும். அதுக்கு நீங்க ஒத்துக்கணும்."

எங்கள் பக்கத்து ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். பையனின் அப்பா வாயில் வைத்த டம்ளரை இறக்கி வைத்தார். பெரியப்பா மட்டும் அசையவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. பந்து போட ஓடி வந்தவன், எதிரில் நிற்கிறவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டால் எப்படிப் பார்ப்பான், அப்படி.

பிறகு சிரித்தார்.

"நல்ல விஷயங்க. பொண்ணு தாராளமா படிக்கட்டும். படிச்சு முடிக்கட்டும். கல்யாணத்துக்கு இன்னா அவசரம்?"

எங்கள் ஆட்களுக்கு முகம் தெளிந்தது. ஒருவர், பெரிய மனசுங்க என்றார். தங்கச்சி கதவு ஓரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் தெரிந்தது, முடிந்துவிட்டது. படித்து முடிக்கட்டும் என்றால் எங்களுக்கு இந்த இடம் வேண்டாம் என்று அர்த்தம். நானே அதை வேறு வீடுகளில் சொல்லியிருக்கிறேன். இதே சிரிப்போடு. அவர்கள் டம்ளர்களில் பாதிக் காபி அப்படியே இருந்தது. தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. போய்ட்டு சொல்லி அனுப்பறோம் என்று எழுந்தார்கள்.

வேன் திரும்பியதும் அவள் வெளியே ஓடி வந்தாள். புடவை தடுக்கியது.

"மாமா, படிக்கட்டும்னு சொல்லிட்டாங்க இல்ல? உள்ள இருந்து கேட்டுக்கினுதான் இருந்தேன். மொத வார்த்தையே சொல்லிட்டீங்க மாமா."

நான் செருப்பைத் தேடினேன். காலடியில்தான் இருந்தது.

"மாடு கத்துது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சொல்லி அனுப்பவில்லை. அந்த மாசம் அவள் பழைய புத்தகங்களை வெயிலில் போட்டு எடுத்து அடுக்கினாள் என்று தங்கச்சி சொன்னாள். அடுத்த மாசம் அவள் அதைப் பற்றிக் கேட்பதையே விட்டாள். பையனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று பிறகு செய்தி வந்தது.

புளி விற்கப் போளூர் போனபோது பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெரியப்பாவைப் பார்த்தேன். கையில் அதே குடை. அவராக வந்து பேசினார். டீ சொன்னார். இரண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தோம்.

"உங்களப் பத்திக் கேட்டுக்கினுதான் வந்தேன் அன்னிக்கு" என்றார். "அடிவாரத்துல ஒருத்தர் கீறாரு, அளந்து பேசுவாருன்னு சொன்னாங்க. எனக்கும் பேச ஆசையா இருந்துது. நீங்க இன்னாத்துக்கு அப்படி அவசரப்பட்டீங்க?"

நான் டீயை ஊதினேன்.

"நான் ரெண்டாவது தபா கேட்டிருப்பனே. பொண்ணு படிச்ச பொண்ணு, மேல படிக்கக் கேப்பாங்க, சரின்னு சொல்லிடணும்னு வேன்லயே பேசிக்கினு வந்தோம். பையனுக்கும் அதான் இஷ்டம். நீங்க எடுத்த எடுப்புல ஒத்துக்கணும்னு போட்டதும் பையனோட அப்பா, எங்க தம்பிக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இப்பவே இப்படி, நாளைக்கு எப்படின்னு. எனக்கு அப்பால வழி இல்ல."

"சரிங்க" என்றேன்.

"கேட்டிருப்பேன்" என்றார் மறுபடியும். டீக்குக் காசு கொடுக்க நான் கை நீட்டினேன். அவர் விடவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போனார்.

நான் அங்கேயே நின்றேன். முகாமைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். கேட்காத இடத்தில் காத்திருந்தேன், கேட்கிற இடத்தில் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது என்று. அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் யாருக்கு என்ன லாபம்.

இதை என் தங்கச்சி பெண்ணிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஒரு நாள் கடலை உரிக்கும்போது அவளே கேட்டாள்.

"அன்னிக்கு அவங்க படிக்கட்டும்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்."

"எனக்குத் தெரியல" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் உரித்தாள். "நீங்க நல்லாத்தான் கேட்டீங்க."

போன வருஷம் கிராம சபையில் அவள் பேசினாள். யாரும் அவளைச் சொல்லவில்லை. என்னைத்தான் எழுப்பினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்தாள். காலை ஏழு மணி பஸ் வேண்டும் என்றாள். எத்தனை பெண் பிள்ளைகள் அதில் போவார்கள், யார் யார் வீட்டில் என்று சொன்னாள். வந்திருந்த அதிகாரி, "வேற ஏதாவது?" என்றார். "இல்லீங்க. அது மட்டும்தான்" என்று உட்கார்ந்துவிட்டாள். வணக்கம் சொன்ன மாதிரி தெரியவில்லை. கட்சிக்காரப் பங்காளி என் காதில், "உன் பேர கெடுத்துட்டா" என்றார். தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

பஸ் வந்துவிட்டது. இப்போது எங்கள் தெருவிலிருந்து நிறையப் பிள்ளைகள் அதில் காலேஜுக்குப் போகிறார்கள். அவளும் அதில்தான் போகிறாள். போளூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை. மறுபடியும் சேரலாம் என்று சொன்னேன். காலம் போய்விட்டது மாமா, இப்போது போய் அந்தச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார முடியாது என்றாள். கடையில் கணக்கு எல்லாம் அவள்தான் என்று முதலாளி சொல்கிறார்.

என்னைப் பேச இன்னும் கூப்பிடுகிறார்கள். கல்யாணம் பேச நான் போவதில்லை. துக்க வீட்டுக்கு மட்டும் போகிறேன்.

காலையில் பால் ஊற்றிவிட்டு வரும்போது பஸ் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். பனி இருந்தால் மலை தெரியாது, பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரியும். பிள்ளைகள் ஏறி முடித்த பிறகு அவள் ஏறுவாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து என்னைக் கூப்பிடுவாள்.

"மாமா, எதாச்சும் வாங்கினு வரணுமா?"

"ஒண்ணும் வாணாம்மா."

டிரைவர் கியர் போடுவார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டுவாள்.

"மெய்யாலும் வாணாமா?"

"பிரஷர் மாத்திரை தீந்துடுச்சு" என்பேன்.

சரி என்று தலையை உள்ளே எடுத்துக்கொள்வாள்.